வெட்டுக்குப் போகவிருக்கும் 1984 லேலண்ட் பஸ்: வாங்கி நிறுத்தி வைக்க என்னென்ன பார்க்கணும்?

கரிசல்காட்டான்

அண்ணன்மாருக்கு வணக்கம். செக்கானூரணிப் பக்கம் அரிசி ஆலை ஒன்றின் பின்புறம் 1984 மாடல் லேலண்ட் வைகிங் நிற்கிறது. தனியார் ரூட்டில் ஓடிய வண்டி. முன் எஞ்சின், 400 சீரிஸ். ஏர் பிரேக். மூன்றுக்கு இரண்டு சீட். ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, சுருட்டிக் கட்டும் தார்ப்பாய்தான். கூரையில் கேரியர், பின்னால் இரும்பு ஏணி. மூன்று வருஷமாக ஸ்டார்ட் செய்யவில்லை. ஆறு டயரில் நாலு தரையோடு தரை. முன் சக்கரம் ரெண்டும் கரிசலில் அரை அடி புதைந்திருக்கிறது. மேலே வேப்பமரம்.

உரிமையாளர் இரும்பு வியாபாரிக்கு எடை போட இருந்தார். அதே விலைக்கு நமக்குத் தரச் சம்மதம். ரோட்டில் ஓட்டும் எண்ணம் இல்லை. ஊர்ப் பள்ளி வளாகத்தில் கொட்டகை போட்டு நிறுத்தி, மாதம் ஒருமுறை எஞ்சினை ஓடவிட்டு, வளாகத்துக்குள்ளேயே கொஞ்சம் உருட்டினால் போதும். பிள்ளைகள் ஏறி உட்காரணும், கயிற்றை இழுத்து மணி அடிக்கணும்.

காசு கொடுக்கும் முன் எதைப் பார்க்கணும்? எஞ்சினை முதல் தடவை எப்படி எழுப்புவது? பழைய வண்டிக்குத் தனி நம்பர் தருகிறார்களாமே, அது பஸ்ஸுக்கும் உண்டா? 'பாண்டியன்' என்று பெயர் எழுதி அந்தக் காலத்து அரசு பஸ் மாதிரி பெயிண்ட் அடித்துவிடலாம் என்றும் ஊரில் ஒரு பேச்சு ஓடுகிறது. சரிவருமா?

ஆறு சிலிண்டர்

தம்பி, பழைய பஸ் எஞ்சினால் சாவதில்லை, பாடியாலும் பேப்பராலும்தான் சாகும். 400 எஞ்சின் ஆறரை லிட்டர், ஆறு சிலிண்டர், அவசரமே இல்லாத எஞ்சின். ஜெனரேட்டர்களிலும் இந்த வகை எஞ்சின் ஓடியதால் பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கட் எல்லாம் தேடினால் கிடைக்கும். ஆண்டிபட்டிக் கணவாயில் இரண்டாம் கியரில் இது போடும் ஊளையைக் கேட்டவனுக்கு இன்றைய வண்டிச் சத்தம் மிக்ஸி ஓடுகிற மாதிரிதான் இருக்கும். சரி, வேலைக்கு வருவோம்.

மூன்று வருஷம் நின்ற எஞ்சினில் முதல் நாளே செல்ஃப் அடிக்காதே. ரிங் சிலிண்டர் சுவரில் ஒட்டியிருந்தால் அந்த ஒரு அடியில் ரிங் உடையும். ஆறு இன்ஜெக்டரையும் கழற்று. ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இரண்டு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு இரண்டு நாள் ஊறவிடு. பிறகு கிராங்க் புல்லி போல்ட்டில் பெரிய ஸ்பானர் போட்டுக் கையால் திருப்பு. இரண்டு முழுச் சுற்று தடங்கல் இல்லாமல் வந்தால் பிழைத்தது. நடுவில் முட்டி நின்றால் குழாயை மாட்டி நெம்பக் கூடாது. டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஊற்றி இன்னும் ஒரு வாரம் பொறு.

கையால் சுற்றியதும் பழைய ஆயிலை வடித்துவிடு. முதலில் தண்ணீர் வந்து பிறகு ஆயில் வந்தால் ஹெட் கேஸ்கட்டோ லைனரோ சந்தேகம். விலை பேசும்போது அதைச் சொல்லலாம். புது ஆயில், புது ஃபில்டர் போட்ட பிறகு, இன்ஜெக்டர் இல்லாமலேயே பத்துப் பத்து விநாடியாக செல்ஃப் அடி. ஆயில் பிரஷர் முள் எழும்பும் வரை இதுதான். அதன் பிறகே இன்ஜெக்டரை மாட்டணும். அடியில் இருக்கும் செம்பு வாஷர் புதுசாக இருக்கட்டும். கிடைக்காவிட்டால் பழையதைச் செக்கச் செவேல் என்று காய்ச்சித் தண்ணீரில் போட்டால் செம்பு மறுபடி இளகி உட்காரும்.

இனிமேல் சொல்வதுதான் ஆபத்தான இடம். நின்ற டீசல் பம்ப்பில் பழைய டீசல் கோந்து மாதிரி உறைந்து, உள்ளே டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ராக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். ராக் முழு டீசல் நிலையில் சிக்கியிருந்தால் ஸ்டார்ட் ஆன எஞ்சின் நிற்கவே நிற்காது. சாவியைத் திருப்பினாலும் ஸ்டாப் கம்பியை இழுத்தாலும் பலன் இல்லை. கத்திக் கத்தி கனெக்டிங் ராடை வெளியே தள்ளிவிடும். அதனால் ஸ்டார்ட்டுக்கு முன் பம்ப்பின் பக்கவாட்டு மூடியைத் திறந்து ராக் விரலால் தள்ளினால் இரண்டு பக்கமும் நழுவுகிறதா என்று பார். அப்படியும் நம்பாதே. ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி, காற்று போகும் வாயை மூடும் அளவுக்கு ஒரு பலகையை ஒரு ஆள் கையில் கொடுத்து நிறுத்து. எஞ்சின் ஓடிப்போகப் பார்த்தால் பலகையை அழுத்தினால் மூச்சடைத்து நின்றுவிடும். உள்ளங்கையை வைக்கக் கூடாது, துணி வைத்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

டீசல் டேங்கை இறக்கிக் கழுவாமல் ஒரு சொட்டும் பம்ப்புக்கு விடாதே. அடியில் தண்ணீரும் கறுப்புச் சேறும் இருக்கும். ஃபில்டர் இரண்டையும் மாற்றிய பிறகு டீசல் குழாயில் சிக்கிய காற்றை எடுக்கணும்: முதலில் ஃபில்டர் தலையில் உள்ள பிளீடர் ஸ்க்ரூவை இளக்கி, கையால் அமுக்கும் சிறு பம்ப்பான பிரைமரை அடி, நுரை நின்று தெளிவாக வழிந்ததும் முறுக்கு. அடுத்து பம்ப்பில் உள்ள ஸ்க்ரூ. கடைசியில் இன்ஜெக்டர் குழாய் நட் இரண்டு மூன்றை இளக்கி செல்ஃப் அடித்தால் அங்கேயும் டீசல் துள்ளும்; முறுக்கிவிடு. இந்த வரிசையை மாற்றினால் நாள் முழுக்க பிரைமர் அடித்துக் கை வலிதான் மிச்சம்.

ரேடியேட்டருக்கு போர் தண்ணீர் வேண்டாம். நம்ம பக்கத்து உப்புத் தண்ணீர் குழாயெல்லாம் சுண்ணாம்பு கட்டிவிடும். மழைத் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ கூலன்ட் கலந்து ஊற்று. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம்ம மெக்கானிக்குகளின் பழைய வழக்கம். அது இல்லாவிட்டால் எஞ்சின் சூடே ஏறாது.

மாதம் ஒருமுறை பத்து நிமிஷம் ஐட்லிங் விடுவது வைத்தியம் அல்ல, விஷம். சூடு ஏறாமல் நிறுத்தினால் எரிந்த டீசலின் ஈரம் ஆயிலில் தங்கி பேரிங்கை அரிக்கும். சூடு காட்டும் முள் 75, 80 டிகிரியைத் தொடும் வரை ஓட்டு, வண்டியை இருபது அடியாவது நகர்த்து. முடியாத மாதம் ஸ்டார்ட் செய்யாமலே விடு. அதில் ஒரு கெடுதலும் இல்லை.

செக் போஸ்ட்

பேப்பர் விஷயம். தனி நம்பர் பற்றிக் கேட்டது பஸ்ஸுக்குப் பொருந்தாது. 2021இல் வந்த விண்டேஜ் விதி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, அசல் வடிவம் மாறாத இருசக்கர வண்டிக்கும் காருக்கும் மட்டும்தான். நம்பரில் 'வி.ஏ.' எழுத்து வரும், புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். காரில் எட்டு பயணி, ஒரு ஓட்டுநர், அதற்கு மேல் சீட் இருந்தால் விதிக்கு வெளியே. உங்கள் வண்டி வயதிலும் தேறாது, வகையிலும் தேறாது. நாட்டில் பஸ்ஸை நேசிக்கிறவர்கள் யாரும் அந்த விதியை எழுதும் மேசையில் இல்லை போலிருக்கிறது.

அரசு பஸ் கிடைக்குமா என்று பிறகு யாராவது கேட்பார்கள், அதற்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய விதிப்படி 15 ஆண்டு தாண்டிய அரசு வண்டிகளுக்குப் பதிவைப் புதுப்பிக்க முடியாது. போக்குவரத்துக் கழக பஸ்களும் அதில் அடக்கம். அவை பதிவு பெற்ற வெட்டுக்கூடத்துக்குப் போக வேண்டும் என்பதே விதி. அதனால் தனியாரிடம் நிற்கும் இந்த மாதிரி வண்டிகள்தான் இனிக் காப்பாற்றக்கூடியவை.

ரோட்டில் ஓட்டப் போவதில்லை என்றால் உங்களுக்கு எளிது. மோட்டார் வாகனச் சட்டம் 55ஆம் பிரிவின்படி, நிரந்தரமாக ஓட்ட முடியாமல் போன வண்டியின் பதிவை உரிமையாளர் எழுதிக் கொடுத்து ரத்து செய்யலாம். அதன் பிறகு அது ரோட்டு வண்டி அல்ல. வரி, எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று, இன்ஷூரன்ஸ் எதுவும் தொடராது. ஆனால் ரத்தாவதற்கு முன் இவை தீர்ந்திருக்க வேண்டும்: வரி பாக்கி, பெர்மிட் ஒப்படைப்பு, ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) ஃபைனான்ஸ் பெயர் இருந்தால் அதன் நீக்கம், நிலுவை வழக்கு. வண்டி நிற்பதாக ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுதிக் கொடுக்காமல் மூன்று வருஷம் நிறுத்தியிருந்தால் வரி ஏறிக்கொண்டே இருந்திருக்கும். அந்தப் பாக்கி இரும்பு விலையைத் தாண்டினாலும் தாண்டும். முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், முன்பணம் பிறகு.

சேஸிஸ் நம்பரை ஆர்.சி.யோடு ஒப்பிட்டு, தாளை வைத்துப் பென்சில் தேய்த்து ஒரு படி எடுத்து வையுங்கள். 1984 வண்டி என்றால் பழைய மூன்றெழுத்து நம்பராக இருக்க வேண்டும். டி.என்.னுக்குப் பின் எண் வரும் இப்போதைய மாதிரி நம்பர் இருந்தால் இடையில் எங்கோ மறுபதிவு நடந்திருக்கிறது, அந்தக் காகிதத்தையும் கேளுங்கள்.

எடைக்கு விலை பேசும்போது ஆர்.சி.யில் உள்ள வெற்று எடையை அப்படியே எடுக்கக் கூடாது. அதில் சீட், பலகை, டயர் எல்லாம் சேர்த்தி. இரும்பு விலை இரும்புக்கு மட்டும்.

டிங்கர் பட்டறை

சிலிண்டர் அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு, பாடிதான் விஷயம். ஒரு ஸ்க்ரூ டிரைவரும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு போங்க. வெளியே நின்று பார்த்தால் பெயிண்ட்தான் தெரியும், தரைக்கு அடியில் படுத்துப் பார்க்கணும்.

முதல் இடம் தூண் அடி. ஜன்னல் தூண் ஒவ்வொன்றும் தரைக் குறுக்குச் சட்டத்தில் வந்து உட்காரும் மூட்டில் ஸ்க்ரூ டிரைவரால் குத்துங்க. 'டங்' என்றால் நல்லது. 'பொத்' என்று உள்ளே போனால் அழுகல். தார்ப்பாய் வண்டியில் மழைத் தண்ணீர் ஜன்னல் விளிம்பு வழியே இறங்கித் தூணுக்குள் நிற்கும், வெளியேற வழி கிடையாது. பத்துத் தூணில் இரண்டு மூன்று போயிருந்தால் அடியை மட்டும் ஒன்றரை அடி வெட்டிப் புதுச் சட்டம் வைத்து வெல்டு அடிக்கலாம். பாதிக்கு மேல் போயிருந்தால் கூரையை முட்டுக் கொடுத்துத் தூக்கித்தான் வேலை. செலவு வண்டி விலையைத் தாண்டும், யோசிங்க.

அடுத்தது படிக்கட்டு, பின் சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவு, கேரியர் கால் கூரையில் போல்ட் ஆகிற இடம். கேரியர் கால் பக்கத்தில் உள்கூரையில் காப்பிக் கறை மாதிரி வட்டம் தெரிந்தால் அங்கே ஒழுகல். வேப்பமரத்தடி என்கிறீர்கள், கூரை மேல் இலை மக்கி ஈரம் பிடித்திருக்கும். ஏறிக் கூட்டிவிட்டுப் பாருங்க.

கரையானை மறக்காதீங்க. காற்றில்லாத டயர் மண்ணில் புதைந்திருந்தால் அது கரையானுக்கு ஏணி. தரைப்பலகை வரை மண்பாதை போட்டிருக்கும். அலுமினியத் தகட்டை நாலு இடத்தில் தூக்கிப் பலகையைத் தட்டிப் பார்க்கணும்.

வெளித்தகடு அலுமினியம், உள்சட்டம் இரும்பு. இரண்டும் நேராகத் தொட்டு நடுவில் ஈரம் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளை மாவாக உதிரும். மறுபடி அடிக்கும்போது சட்டத்துக்குப் பிரைமர் இரண்டு கோட், நடுவில் தார் டேப் ஒரு வரிசை. ரிவெட் விஷயத்தில் சோம்பேறித்தனம் கூடாது. பழைய வண்டியின் முகமே அந்த மொட்டுத் தலை ரிவெட் வரிசைதான். அதைப் பிடுங்கிவிட்டு பாப் ரிவெட் அடித்தால் நடுவில் ஓட்டை விழுந்த பொத்தான் மாதிரி தெரியும், தண்ணீரும் உள்ளே போகும். கெட்டி ரிவெட்டுக்கு ஆள் இரண்டு வேண்டும், ஒருவர் வெளியே அடிக்க, ஒருவர் உள்ளே இரும்புக் கட்டை பிடிக்க. மெதுவாகத்தான் போகும். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளில் விசாரித்தால் இந்தக் கைவேலை தெரிந்த வயசான ஆட்கள் இன்னும் அகப்படுவார்கள்.

டிரைவர் பக்கத்து எஞ்சின் பெட்டி மூடிக்கு உள்ளே சாம்பல் நிற அட்டை ஒட்டியிருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸ் என்று வைத்துக்கொள்ளுங்க. பழைய பிரேக் லைனிங்கும் அதுதான். சுரண்டாதீங்க, ஏர் அடித்துச் சுத்தம் பண்ணாதீங்க. தண்ணீரில் நனைத்து, மாஸ்க் போட்டு எடுத்துப் பையில் கட்டிவிடணும். பிள்ளைகள் உட்காரப் போகிற வண்டி.

ஸ்டேஜ் 14

'பாண்டியன்' எழுதும் யோசனையைக் கைவிடுங்கள். பாண்டியன் போக்குவரத்துக் கழகம் 1972இல் பஸ்களை அரசுடைமையாக்கியபோது மதுரையில் பிறந்தது, டி.வி.எஸ். குழுமத்தின் பஸ்கள் அதற்குள் போயின. 1997இல் கழகங்களின் பெயர்களை எடுத்தபோது அது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆனது. அந்த 25 வருஷத்தில் இந்த வண்டி அதில் ஒரு நாளும் ஓடவில்லை. தனியார் ரூட் வண்டிக்கும் தனி முகம் உண்டு. முன்கண்ணாடிக்கு மேல் முதலாளி வீட்டுச் சாமி பெயர், பக்கவாட்டில் ஊர்ப் பெயர் வரிசை, பின்னால் ஏணிக்குப் பக்கத்தில் 'ஒலி எழுப்பவும்'. அதை அழித்துவிட்டு இன்னொரு முகத்தை ஒட்டினால் இரண்டும் இல்லாமல் போகும்.

அசல் நிறம் எது என்று வண்டியே சொல்லும். நம்பர் பிளேட்டுக்குப் பின்னாலோ சீட் கால் தகட்டுக்கு அடியிலோ இரண்டு அங்குலச் சதுரம் எடுத்து, 400 நம்பர் நீர்த்தாளை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) ஈரமாக வைத்து மெல்லத் தேயுங்கள். ஒவ்வொரு எஃப்.சி.க்கும் அடித்த கோட் மரத்தின் வளையம் மாதிரி ஒன்றன் கீழ் ஒன்றாக வரும். பிரைமருக்கு மேலே உட்கார்ந்திருப்பதுதான் முதல் நிறம். எழுத்தும் அதே மாதிரி அடியில் கிடக்கும். பக்கவாட்டில் சாய்வாக டார்ச் அடித்தால் பழைய எழுத்தின் மேடு தெரியும். டிரேஸிங் தாள் வைத்து எடுத்துவிட்டுத்தான் பட்டறைக்கு விடணும். டிங்கர் அண்ணன் கோபிக்க வேண்டாம், மெஷின் வைத்துத் தேய்த்தால் எல்லாம் போச்சு.

எழுத்தில் ஒரு நுணுக்கம். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முன் ணை, லை, ளை, னை நான்கும் மேலே தும்பிக்கை சுருட்டி நிற்கும், ணா, றா, னா மூன்றும் கால் தனியாக நிற்காமல் வளைந்து ஒட்டியிருக்கும். மதுரை, மேலூர், உசிலம்பட்டி என்று எழுதினால் வித்தியாசமே தெரியாது. மானாமதுரை, சிறுமலை, சென்னை என்று எழுதும்போதுதான் வண்டியின் வயசு வெளிப்படும். 84 வண்டிக்குப் புது எழுத்துத்தான் முறை. ஆனால் பெயிண்டர் கை பழகியதை உடனே விடுவதில்லை, அதனால் அடியில் தும்பிக்கை தெரிந்தால் அதையே எழுதுங்கள். ஸ்டிக்கர் வெட்டி ஒட்டவே கூடாது. எனாமல் பெயிண்ட், தூரிகை, கை.

உள்ளே 'கரம் சிரம் புறம் நீட்டாதீர்', 'புகை பிடிக்காதீர்', 'பெண்கள்' எல்லாம் பெரும்பாலும் ஸ்டென்சில். மணிக்கயிறு முன்னிருந்து பின் வரை கூரை ஓரமாக வளையங்களுக்குள் போகும். நைலான் போடாதீர்கள், வெயிலில் வழுக்கும். முறுக்கிய பருத்திக் கயிறு. ஒரு மணி நிறுத்த, இரண்டு மணி போகலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள், இல்லாவிட்டால் கோயில் மணி மாதிரி அடிப்பார்கள். சீட்டில் ரெக்சின் கிழிந்த இடத்தில் எட்டிப் பாருங்கள், உள்ளே தேங்காய் நார் இருந்தால் அதையே மறுபடி அடைக்கச் சொல்லுங்கள். ஃபோம் வைத்தால் சீட் உப்பிக்கொண்டு நிற்கும்.

கரிசல்காட்டான்

எல்லோருக்கும் நன்றி. பாண்டியன் யோசனை கைவிடப்பட்டது. வரி பாக்கி கேட்கச் சொல்லியிருக்கிறோம். இன்னும் இரண்டு சந்தேகம். பழைய எஞ்சின் ஆயிலும் டீசலும் கலந்து சேஸிஸ் முழுக்க அடித்துவிட்டால் துருப் பிடிக்காது என்கிறார்கள், செய்யலாமா? மண்ணில் இருந்து எடுத்துப் பள்ளிக்குக் கொண்டுவர எட்டு கிலோமீட்டர். டிராக்டர் வைத்து இழுக்கலாமா?

டிங்கர் பட்டறை

ஆயில் அடிக்கலாம், எல்லா லாரி ஷெட்டிலும் செய்கிறதுதான்.

ஆறு சிலிண்டர்

செய்கிறார்கள் என்பதற்காகச் சரியாகிவிடாது. பழைய ஆயிலில் கந்தக அமிலமும் கரியும் இருக்கும், ரப்பர் புஷ், பிரேக் ஹோஸ், டயாஃப்ரம் எல்லாம் உப்பிவிடும். தூசி ஒட்டிப் பிசுக்காகி, ஈரத்தை அதற்கு அடியில் பூட்டியும் வைக்கும். சுரண்டி, பிரைமர் அடித்து, கறுப்பு சேஸிஸ் பெயிண்ட் அடி. ஸ்பிரிங் பட்டை இடுக்கில் மட்டும் கிரீஸ் வை.

டிராக்டர் வேண்டவே வேண்டாம். எஞ்சின் ஓடாவிட்டால் காற்று இல்லை, காற்று இல்லாவிட்டால் பிரேக் இல்லை. பின்னால் ஏழெட்டு டன் தள்ளிக்கொண்டு வரும்போது டிராக்டர் நின்றாலும் பஸ் நிற்காது. தளம் தாழ்வாக இருக்கும் லோ பெட் டிரெய்லர் சொல்லு. இழுத்து ஏற்றும் முன், கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் புரொபல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிவிடு, கியர் பாக்ஸ் ஆயில் இல்லாமல் சுற்றாது. கேரியரோடு சேர்த்து உயரம் அளந்து, வழியில் தாழ்வான கரண்டு கம்பி, ரயில்வே பாலம் பார்த்துக்கொள்.

தூக்கும்போது கரிசலில் ஜாக்கி நேராக வைத்தால் ஜாக்கிதான் இறங்கும். மேலூர்ப் பக்கத்துக் கருங்கல் பலகை ஒன்றோ, ரயில்வே கட்டை இரண்டோ குறுக்கே போட்டு அதன் மேல் வை, ஆக்ஸிலுக்கு அடியில் தூக்கு, ஒவ்வொரு நாலு அங்குலத்துக்கும் கட்டை செருகிக்கொண்டே போ. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது.

டயர் 9.00-20 ஆக இருக்கும், டயரை இரும்பு ரிங் பூட்டிப் பிடிக்கும் வீல். சக்கர நட்டை இளக்கும் முன், தரையோடு கிடக்கிற டயர் உட்பட ஆறிலும் வால்வ் ஊசியைக் கழற்றிக் காற்றை முழுசாக விடு. பின் ஜோடியில் இது ரொம்ப முக்கியம், உள் டயரில் காற்று இருந்து ரிங் துருவில் விட்டிருந்தால் நட் இளகும்போது ரிங் தெறிக்கும். சக்கர நட் பூட்டும் ஸ்டட்டின் முனையில் 'எல்' என்று வெட்டியிருந்தால் இடப்புற மரை, எதிர்ப்பக்கம் திருப்பணும். தெரியாமல் நெம்பித்தான் பாதி ஸ்டட் உடைகிறது. புது டியூப் போட்டுக் காற்று அடிக்கும்போது ரிங் பக்கம் சுவரைப் பார்க்க வை, சங்கிலி சுற்று, நீளமான ஹோஸில் தள்ளி நின்று அடி. பள்ளிக்குள் என்பதால் சொல்கிறேன், அந்த நேரத்தில் ஒரு பிள்ளையும் பக்கத்தில் நிற்கக் கூடாது.

கொட்டகையில் நிறுத்திய பிறகு ஹேண்ட் பிரேக் போட்டு வைக்காதே, லைனிங் டிரம்மில் ஒட்டும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை போதும். கிளட்ச் பெடலை ஒரு மரத்துண்டால் அழுத்தி முட்டுக் கொடுத்து வை, பிளேட் ஃபிளைவீலில் பிடிக்காது. ஏர் டேங்க் அடி வால்வைத் திறந்து தண்ணீரை வடித்து, திறந்தபடியே விடு. மறுமாதம் வால்வை மூடி ஓட்டும்போது காற்றழுத்தம் ஏழு கிலோ ஏறியதும் எஞ்சினை நிறுத்தி ஐந்து நிமிஷம் முள்ளைப் பார். கால் கிலோவுக்கு மேல் இறங்கினால் கசிவைத் தேடி சோப்புத் தண்ணீரோடு கீழே படுக்க வேண்டியதுதான்.

டிரெய்லரை ஐப்பசி அடைமழைக்கு முன்னால் வரச் சொல். ஒரு நாள் நனைந்த கரிசலில் லோ பெட் உள்ளே போனால், பஸ்ஸோடு சேர்த்து அதையும் எடுக்கணும்.

கரிசல்காட்டான்

புரட்டாசிக்குள் முடிக்கப் பார்க்கிறோம் அண்ணே. சாய்வாக டார்ச் அடித்துப் பார்த்தோம், இடது பக்கம் மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே 'மானா' வரை தெரிகிறது. ரெண்டு காலும் வளைந்து ஒட்டியா என்று கேட்காதீர்கள், மா-வுக்கு நேர்க்கால், னா-வுக்கு வளைவு.

ஸ்டேஜ் 14

மா எப்போதும் நேர்க்கால்தான், அது மாறவே இல்லை. னா வளைந்திருந்தால் பழைய கை. மேலே ஒரு கோட் கூடப் போடாதீர்கள், முதலில் டிரேஸ் எடுங்கள்.